நாடகத்தை விடாதீர்கள், பட்டினியை விடுங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 46 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன். கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. சின்ன வயதிலிருந்தே நாடகம் என்றால் உயிர். இந்தத் தை மாதம் மூன்று தீர்மானம் எடுத்தேன். கிழமைக்கு ஒரு நாடகமாவது கச்சேரியாவது ஓவியக் கண்காட்சியாவது பார்ப்பது, எங்கள் வட்டாரத்து வேலைகளில் ஈடுபடுவது, மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறைப்பது. எனக்கு 72 கிலோ. வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 114 வந்ததால் டொக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். மருந்து எதுவும் தரவில்லை. நாடகத்துக்குப் போகிற நாளில் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிடுகிறேன். இரவு பத்து மணிக்குத் திரும்பும்போது பசி தாங்காமல் ஒரு முழுக் கொத்து ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு அழுகிறேன். வட்டார வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. நானும் எழுதி எழுதி நித்திரை கெடுகிறது. 'தமிழ் நாடகத்துக்கு ஆள் இல்லை, நீ சிங்கள நாடகத்துக்குக் காசைக் கொட்டுகிறாய்' என்று அத்தான் வேறு குத்திக் காட்டுகிறார். இரவில் தனியே வருவது என் கணவருக்கும் பிடிக்கவில்லை. இந்த மூன்றில் எதை விடுவது? – வெள்ளவத்தை வாசகி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் போதாது என்பதால் மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அந்த நான்கில் இரண்டரைப் பக்கம் நீங்கள் பார்த்த நாடகங்கள்தான். எந்தக் காட்சியில் விளக்கு எப்படி மாறியது, எந்த நடிகர் எங்கே மூச்சை நிறுத்திப் பேசினார் என்பதுவரை எழுதியிருக்கிறீர்கள். உணவுக் கட்டுப்பாட்டுக்கு எட்டு வரி. வட்டாரச் சண்டைக்கு அரைப் பக்கம். எதை விடுவது என்று என்னைக் கேட்கிறீர்கள். எதை விட முடியாது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

மூன்றில் எதையும் விட வேண்டாம். நாடக நாளின் பட்டினியையும், பத்துக் கிலோ என்ற கணக்கையும், அந்த வாட்ஸ்அப் குழுவையும் விடுங்கள்.

முதலில் சாப்பாடு. உடம்பு சம்பந்தப்பட்டது, தள்ளிப்போட முடியாது. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை வந்தால் அது நீரிழிவுக்கு முந்திய நிலை. 114 அந்த வட்டத்துக்குள் நிற்கிறது. அலட்சியம் செய்யக் கூடாத எண்தான், ஆனால் திருப்ப முடிந்த எண். 2002இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், உங்களைப் போல எல்லையில் நின்றவர்களுக்கு இரண்டு இலக்குத்தான் கொடுத்தார்கள்: உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, கிழமைக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது. ஏறக்குறைய மூன்று வருடம் பார்த்தபோது, எதுவும் மாற்றாமல் இருந்தவர்களைவிட இவர்களில் நீரிழிவு வந்தவர்கள் 58 சதவீதம் குறைவு. உங்கள் 72 கிலோவில் 7 சதவீதம் என்றால் ஐந்து கிலோ. பத்து இல்லை. மூன்று மாதமும் இல்லை, ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒரு கிலோகூட வராது. அந்த அளவை வேலைக்குப் போய், வீட்டையும் பார்க்கும் ஒரு பெண்ணால் குறைக்க முடியும்.

கொத்து ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு அழுவதாக எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை வாசிக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. உங்களுக்கு மன உறுதி இல்லை என்று யார் சொன்னது? காலை ஏழு மணிக்கு இரண்டு துண்டு பாண் சாப்பிட்டவர், இரவு பத்து மணிவரை தேத்தண்ணியோடு மட்டும் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் பசிக்கும். பதினைந்து மணி நேரம் பட்டினி கிடந்த உடம்பு கொத்து ரொட்டிக் கடையின் தகரச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பேசாமல் போகாது. நாடக நாளில் மத்தியானம் கட்டாயம் சாப்பிடுங்கள். கந்தோருக்கு வருகிற சோற்றுப் பார்சலில் சோறு ஒருவருக்கு அதிகம். பாதிச் சோற்றை எடுத்து வைத்துவிட்டு, மரக்கறியையும் பருப்பையும் கீரை வறையையும் முழுதாகச் சாப்பிடுங்கள். மீனோ முட்டையோ இருந்தால் நல்லது. பின்னேரம் ஐந்தரைக்கு, மண்டபத்துக்குப் புறப்பட முன், அவித்த கடலை ஒரு கோப்பையும் ஒரு வாழைப்பழமும். இதைச் செய்தால் இடைவேளையில் ரோல்ஸ், பற்றிஸ் தட்டு வரும்போது உங்களுக்கு அது பெரிய சோதனையாக இருக்காது. இரவு வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று இடியப்பமும் சொதியும் போதும். நாடக நாளில் காலையிலேயே சொதியை வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் போட்டுவிடுங்கள். பசியோடு வந்து சமைக்க வேண்டி வந்தால் கடைச் சாப்பாடுதான் வெல்லும்.

இன்னொரு விஷயம், நீங்கள் கவனிக்காமல் போனது. ஒரு நாளில் நான்கு பால் தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தேக்கரண்டி ஒன்றில் சுமார் 4 கிராம் சீனி. அப்படியென்றால் தேத்தண்ணியில் மட்டும் 32 கிராம். ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் திரும்பிவிடுவீர்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டு வாருங்கள், நாக்கு பழகிவிடும். கொத்து ரொட்டி மாதத்தில் ஒரு நாள் இருக்கட்டும், பங்குபோட ஆள் இருக்கிற நாளில். இன்னும் மூன்று மாதத்தில் சீனியை மறுபடி சோதித்துப் பாருங்கள். எப்போதாவது டொக்டர் மாத்திரை தொடங்கினால், சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதைப் பற்றி அவரிடம் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம். சில மாத்திரைகளோடு பட்டினி கிடந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

இனி உங்கள் அத்தான் சொன்னது.

அவருடைய ஆதங்கத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். சிங்கள நாடகம் பார்ப்பது தமிழை விட்டுப் போவது என்ற மற்றப் பாதியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. இந்த இரண்டு அரங்கும் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி வளர்ந்தவை. நம்முடைய கூத்து கரையோரக் கத்தோலிக்க ஊர்கள் வழியாகச் சிங்களவர்களிடம் போய் 'நாடகம' என்ற சிங்கள அரங்க வடிவமாக வளர்ந்தது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர அந்த வடிவத்தைப் பலப்பிட்டியைச் சேர்ந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க என்ற அண்ணாவியாரிடமிருந்து, அதாவது கூத்துப் பழக்கும் ஆசானிடமிருந்து, எடுத்துத்தான் 1956 நவம்பரில் 'மனமே'யை லயனல் வென்ட் அரங்கில் மேடையேற்றினார். சிங்கள நாடகத்தின் போக்கையே மாற்றிய மேடையேற்றம் அது. அந்தச் சலசலப்பு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பக்கமும் கேட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரைத் தேடிப் போனார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' எல்லாம் அப்படி வந்தவை. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர்தான் பின்னாளில் பேராசிரியர் சி. மௌனகுரு. நம்மிடமிருந்து போன ஒன்று அவர்கள் கையில் மெருகேறியதைப் பார்த்து, நாம் திரும்பவும் நம் கூத்தைத் தேடிப் போனோம். இந்த வரலாறு தெரிந்தால் லயனல் வென்டில் சிங்கள நாடகம் பார்க்கிற தமிழ்ப் பெண்ணைக் குறைசொல்ல அத்தானுக்கு வாய் வராது. ஜனகரலிய குழுவினர், தமிழில் மக்கள் களரி, சிங்கள நடிகர்களையும் தமிழ் நடிகர்களையும் ஒரே கூடாரத்துக்குள் வைத்து இரண்டு மொழியிலும் ஊர் ஊராக நாடகம் போட்டவர்கள். அவர்களுடைய மேடையேற்றம் எங்காவது நடந்தால் அத்தானையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அவர் சொல்வதில் நியாயமான பாதி இதுதான்: கொழும்பில் தமிழ் நாடகத்துக்கு ஆள் சேர்வது குறைவு. மட்டக்களப்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒரு குழு வந்தால் ஒன்று அல்லது இரண்டு மாலைகள்தான். பம்பலப்பிட்டிக் கதிரேசன் மண்டபத்திலோ, வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலோ, இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலோ போடுவார்கள். நாளைக்கு என்று இன்றைக்குத்தான் நமக்குத் தெரியவரும். அதோடு நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது: நாடகம் என்றால் அழைப்பிதழ் வரும், இலவசமாகப் போய் உட்காரலாம் என்று காத்திருப்பது. சிங்கள நாடகத்துக்கு வரிசையில் நின்று டிக்கெட் வாங்குகிற அதே ஆள், தமிழ் நாடகத்துக்கு 'பாஸ் இருக்கா' என்று கேட்பார். இந்தப் பழக்கம் எனக்குக் கோபம் வரச் செய்கிற ஒன்று. ஒத்திகைக்கு இடம் இல்லாமல், மண்டப வாடகைக்குக் கடன்பட்டு, வேலை முடிந்து வந்து மூன்று மாதம் பாடுபட்ட பிள்ளைகளின் நாடகத்துக்கு நாம் காசு கொடுக்காவிட்டால் அடுத்த நாடகம் எப்படி வரும்? நாடகத்துக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் பொன்னாடையும் பேச்சும் நடப்பதை ஏற்பாட்டாளர்களும் விட வேண்டும். பாதிப்பேர் அதிலேயே களைத்துவிடுகிறார்கள்.

ஆகவே உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தமிழ் நாடகம் வரும்போது ஒரு டிக்கெட் வாங்காமல் ஐந்து வாங்குங்கள். கந்தோரில் இருவர், பக்கத்து வீட்டில் ஒருவர், அத்தான் ஒருவர். டிக்கெட் காசை அத்தானிடம் கேட்டு வாங்குங்கள். நாடகம் முடிந்த பிறகு இயக்குநரைத் தேடிப்போய், எந்த இடம் பிடித்தது, எந்த இடம் இழுத்தது என்று, எனக்கு எழுதியதைப் போலவே சொல்லுங்கள். நல்ல நடிகர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். இப்படிக் கூர்ந்து பார்த்து நேரில் சொல்கிற பார்வையாளர்தான் குறைவு. நீங்கள் அப்படிப்பட்ட பார்வையாளர் என்பது அந்த இரண்டரைப் பக்கத்திலேயே தெரிகிறது.

கிழமைக்கு ஒன்று என்ற கணக்கையும் கொஞ்சம் தளர்த்துங்கள். மாதத்துக்கு இரண்டு நாடகம் போதும். மற்றக் கிழமைகளில் காசு செலவில்லாத, இரவு நீளாத ஏதாவது. பாண்ஸ் பிளேசில் சபுமல் பவுண்டேஷன் இருக்கிறது. ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. ஜோர்ஜ் கீற் உள்ளிட்ட, 1943இல் தொடங்கிய '43 குழு' என்ற ஓவியர் குழுவினரின் ஓவியங்களை அமைதியாக நின்று பார்க்கலாம். லயனல் வென்டும் அந்தக் குழுவைத் தொடக்கி வைத்தவர்களில் ஒருவர். நீங்கள் மாதாமாதம் போகிற அரங்கின் பெயருக்குரிய ஆள் எப்படிப்பட்டவர்களோடு பழகினார் என்பது அந்தச் சுவர்களில் தெரியும். வருடத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் நடைபாதையில் கலா பொல நடக்கும், 1993 முதல் நடந்து வருகிறது. ஓவியர்களே தங்கள் படங்களோடு நிற்பார்கள், நின்று கதைக்கலாம்.

நடையும் இதே பக்கத்தில்தான் இருக்கிறது. லயனல் வென்டில் இருந்து நெலும் பொக்குண, அங்கிருந்து விகாரமகாதேவிப் பூங்காவைக் கடந்து மாநகர சபைக் கட்டடம். எல்லாம் அரை மணி நடைக்குள். நாடகங்கள் பெரும்பாலும் ஏழு மணியளவில்தான் தொடங்கும். வேலை முடிந்து ஆறு மணிக்கே அந்தப் பக்கம் வந்துவிட்டால், ஓட்டோவில் காத்திருக்கும் நேரத்தை நடையாக மாற்றலாம். மற்ற நாளில் மரைன் டிரைவ் உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. நாளுக்கு அரை மணி, கிழமையில் ஐந்து நாள், 150 நிமிடம் சரியாகிவிடும்.

இனி வட்டார அரசியல். குழுவில் நடக்கிற சண்டையை வாசித்தேன், நீங்கள் அனுப்பியிருந்த பகுதிகளை. ஒருவர் குப்பை என்று தொடங்குகிறார், பத்தாவது செய்தியில் 2019 தேர்தலுக்குப் போய்விடுகிறது. அங்கே எழுதி எந்த வடிகானும் துப்புரவாகப் போவதில்லை. குழுவின் சத்தத்தை அடக்கி வையுங்கள். வெளியேறினாலும் நல்லது.

ஆனால் வட்டாரத்தை விட்டு விலக வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். மாநகர சபை இல்லாமல் நாம் எப்படி இருந்தோம் என்பதை மறக்கக் கூடாது. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பிற்போடப்பட்டது. சபையின் காலமும் முடிந்து, இரண்டு வருடத்துக்கு மேல் தெரிவான உறுப்பினர் ஒருவரும் இல்லாமல் அதிகாரிகளே நிர்வாகம் செய்தார்கள். 2025 மே 6ஆம் திகதிதான் வாக்களித்தோம். 117 பேர் கொண்ட கொழும்புச் சபையில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஜூன் மாதம் சபைக்குள் வாக்கெடுப்பு நடத்தித்தான் மேயரைத் தெரிவு செய்தார்கள். இப்படி நெருக்கமாக இருக்கிற சபையில் ஒவ்வோர் உறுப்பினரின் கையும் பெறுமதியானது. பழைய விகிதாசார முறையைப் போல இல்லாமல் இப்போது வட்டாரத்துக்கென்று தெரிவான ஆள் இருக்கிறார். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் உங்கள் தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். உங்கள் வாக்கு வேறு கட்சிக்குப் போனது என்பதை அங்கே கொண்டு போக வேண்டாம்.

எல்லாவற்றையும் திருத்தப் போகாமல் ஒரே ஒரு காரியத்தை எடுங்கள். எதை என்று நானே சொல்கிறேன். காலி வீதியில் இறங்கி வீட்டுக்கு நடக்கிற ஒழுங்கையில் இரண்டு தெருவிளக்கு எரிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவரின் பயத்துக்குக் காரணமும் அதுதான். அந்த விளக்கை எடுங்கள். உறுப்பினருக்கும் மாநகர சபைக்கும் எழுத்தில் கொடுங்கள், ஒழுங்கையில் இருக்கிற மற்றப் பெண்களின் கையெழுத்தோடு. திகதி போட்ட பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதுங்கள். தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. தமிழில் எழுதிப் பதில் பெறுவது சலுகை இல்லை, உரிமை. ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் நடக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அதிகாரிக்கு, எங்கள் முறைப்பாட்டுக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்டு விண்ணப்பியுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் அவர் சொல்லியாக வேண்டும். மேடையில் முழங்குகிறவர்களைவிட, பிரதியோடு பொறுமையாகத் திரும்பத் திரும்ப வருகிற பெண்ணுக்குத்தான் அலுவலகங்கள் அசையும்.

விளக்கு எரிந்த பிறகு அடுத்த காரியத்தை எடுங்கள். எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. மாநகர சபையிடம் வட்டாரங்களில் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. மாலையில் பூட்டிக்கிடக்கிற ஏதாவது ஒன்றை, இளம் நாடகக் குழுக்களுக்குக் கிழமையில் இரண்டு நாள் ஒத்திகைக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். எந்த மொழிக் குழுவாக இருந்தாலும் சரி. அதைக் கேட்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் அந்த வட்டாரத்தில் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் கணவருக்கு நாடகம் பிடிக்காது என்றால் கட்டாயப்படுத்தி உட்கார வைக்க வேண்டாம். நீங்கள் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு முடியும், யாரோடு திரும்புகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். கந்தோரில் ஒரு தோழி அடுத்த ஒழுங்கையில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவரோடு ஓட்டோவைப் பங்குபோட்டு வாருங்கள். நாடகம் இல்லாத சனிக்கிழமை ஒன்றில் கணவரையும் அழைத்துக்கொண்டு மரைன் டிரைவில் நடங்கள். அவருக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது என்கிறீர்கள், அவருடைய சீனியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அன்புடன்,
அக்கா